சிட்டையைக் காட்டுங்கள்: கேஷ்பேக் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கூப்பன், கேஷ்பேக் தளங்களையும் செயலிகளையும் நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கோ பெருநகரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் தருமபுரி மாவட்டத்துத் தக்காளி மண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டு பேர் பிழைப்பும் கமிஷன்தான். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று, நடக்கிற வியாபாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறோம். ஒரே தொழிலில் இருக்கிறவள் என்கிற உரிமையில் ஒரு கேள்வி கேட்கத்தான் இந்த மடல்.

மாரண்டஅள்ளியிலிருந்தோ பஞ்சப்பள்ளியிலிருந்தோ ஒரு விவசாயி தக்காளி கொண்டுவந்தால், ஏலம் முடிந்ததும் அவர் கையில் ஒரு சிட்டை கொடுப்போம். எத்தனை பெட்டி, பெட்டி என்ன விலைக்குப் போனது, மொத்தம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, இறக்குகூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, முன்பணம் வாங்கியிருந்தால் அதில் பிடித்தது எவ்வளவு, கடைசியில் கையில் கொடுத்தது எவ்வளவு. எல்லாம் அந்தச் சின்னத் தாளில் இருக்கும். மண்டிக்காரர்கள் எல்லோரும் அரிச்சந்திரன்கள் என்று சொல்ல வரவில்லை. "என்னம்மா இது, போன வாரத்துக்கு இந்த வாரம் இறக்குகூலி ஏறிக் கெடக்குது?" என்று என் மேஜை முன்னால் நின்று சத்தம் போடுகிறவர்கள் உண்டு. சில நாள் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். சத்தம் போட அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது.

உங்கள் வழியாக வாங்குகிறவர் கையில் அது இல்லை. "உங்களுக்கு 62 ரூபாய் கேஷ்பேக் வந்திருக்கிறது" என்று ஒரு வரி வரும். கடை உங்களுக்குக் கொடுத்தது 70 ரூபாயா, 150 ரூபாயா, ஒருவருக்கும் தெரியாது. என் கேள்வி இதுதான்: என் ஆர்டருக்குக் கடை உங்களுக்கு எவ்வளவு கொடுத்தது? அதில் எனக்குக் கொடுத்தது எத்தனை பங்கு?

இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் கடைக்கு ஆள் அனுப்பி வைப்பவருக்குக் கமிஷன் கொடுக்கும் ஏற்பாடு பழையது. அமேசான் 1996லேயே அதைத் தொடங்கிவிட்டது. நீங்கள் கொடுக்கும் லிங்க்கை ஒருவர் தொட்டால், அவர் உங்களிடமிருந்து வந்தவர் என்பதற்கு ஒரு அடையாள எண் சேர்ந்து, 'குக்கி' என்கிற சின்னக் குறிப்பாக அவருடைய போனிலோ கம்ப்யூட்டரிலோ உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குறிப்பு உயிரோடு இருக்கும் நேரத்துக்குள் அவர் எதையாவது வாங்கினால் கடை உங்களுக்குக் கமிஷன் கொடுக்கும். அமேசானில் அந்த நேரம் 24 மணி. சில கடைகளில் ஒரு மாதம் வரைக்கும்கூட நீளும். வந்த கமிஷனில் ஒரு பகுதியை வாங்கினவருக்கே திருப்பிக் கொடுத்தால் அது கேஷ்பேக். திருப்பிக் கொடுக்காமல், கடை ஏற்கெனவே வெளியிட்ட தள்ளுபடிக் 'கோடு', அதாவது பணம் கட்டும்போது போட வேண்டிய குறியீடு, அதை மட்டும் காட்டினால் அது கூப்பன் தளம். இந்தியாவில் கூப்பன்துனியா 2010லும், கேஷ்கரோ 2013லும் வந்தன. ரத்தன் டாட்டா 2016ல் கேஷ்கரோவில் பணம் போட்ட பிறகுதான் இந்தத் தொழில் பற்றி எங்கள் பக்கத்தில் நாலு பேர் பேசினார்கள்.

ஆக, கேஷ்பேக் நீங்கள் பெரிய மனதோடு கொடுக்கும் இனாம் இல்லை. கடை விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய காசு உங்களிடம் வருகிறது, அதில் கொஞ்சம் எங்களிடம் வருகிறது. விளம்பரச் செலவையும் கணக்கில் வைத்துத்தான் கடை பொருளுக்கு விலை போடும் என்பதால், சுற்றி வளைத்துப் பார்த்தால் அது வாங்குகிறவர் காசுதான்.

இனி ஒரு கணக்கு. 3,000 ரூபாய்க்கு ஒரு மிக்ஸி. கடை உங்களுக்கு 6 சதவீதம் தருவதாக வைத்துக்கொள்வோம், நீங்கள் எங்களுக்கு 4 சதவீதம் என்று விளம்பரம் செய்கிறீர்கள். வாங்குகிறவர் மனதில் 120 ரூபாய் நிற்கும். பெரும்பாலான கடைகள் வரியையும் டெலிவரிச் செலவையும் கழித்துவிட்டுத்தான் கமிஷன் கணக்கு போடும். மிக்ஸிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. அதைக் கழித்தால் 2,542 ரூபாய். நாலு சதவீதம் என்றால் 101 ரூபாய் 70 காசு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நியாயமான கணக்குதான். ஆனால் 120 எப்படி 101 ஆனது என்று காட்டும் ஒரு வரி எங்கும் கிடையாது. மண்டியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் எதற்குக் குறைந்தது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு வரி எழுதுவது எனக்கு எழுதுவதைவிடச் சுலபம்.

போன பருவத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு பேட்டரி ஸ்பிரேயர் வாங்க வேண்டியிருந்தது. கடைத்தெருவில் விலை கேட்டுவிட்டு வந்து, "போன்ல குறைச்சலா இருக்குமாமே, பாரும்மா" என்றார். அவர் பேரன் போனில் ஒரு கேஷ்பேக் செயலி இருந்தது. அதில் போய், கடையின் பெயரைத் தொட்டு, அங்கிருந்து கடைக்குள் நுழைந்து, ஸ்பிரேயரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினான். மறுநாள் செயலியில் 'டிராக் ஆனது, பெண்டிங்' என்று வந்தது. வாங்கியது பதிவாகிவிட்டது, காசு நிலுவையில் இருக்கிறது என்று அர்த்தம். பெரியவர் வாரம் தவறாமல் கேட்டார். "அந்தக் காசு வந்துச்சாடா?" பேரன் போனைத் திறந்து காட்டுவான். பெண்டிங். தக்காளிக்கு மருந்து அடித்து, பழம் பறித்து, மண்டிக்கு வந்து, அந்தத் தக்காளி சென்னையில் யார் வீட்டு ரசத்திலோ கரைந்து முடிந்த பிறகும் பெண்டிங். கடைசியில் ஒரு நாள் 'கடையால் நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. காரணம் என்ற இடத்தில் நீளமான ஒரு பட்டியல்: பொருளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், வேறு கூப்பன் போட்டிருக்கலாம், வேறு தளத்தின் லிங்க் வழியாகப் போயிருக்கலாம், ஏற்கெனவே கார்ட்டில் பொருள் இருந்திருக்கலாம். இதில் எது நடந்தது என்று மட்டும் இல்லை. ஸ்பிரேயர் திரும்பிப் போகவில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும், தினமும் காலையில் அதன் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறோம்.

பேரன் புகார் அனுப்பினான். ஆர்டர் எண், பில்லின் படம் எல்லாம் கேட்டார்கள், கொடுத்தான். சில நாளில் பதில் வந்தது: கடை எடுத்த முடிவில் நாங்கள் தலையிட முடியாது. கடையில் கேட்டால், கேஷ்பேக் எங்கள் விஷயம் இல்லை, அந்தச் செயலியைக் கேளுங்கள் என்றார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்ற எல்லோரும் நல்லவர்கள் ஆகிவிடுவீர்கள்.

காத்திருக்க வைப்பதில் உங்கள் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது. பொருளைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியாமல் கடை கமிஷனை உறுதி செய்யாது. உறுதி செய்த பிறகும் பணம் உங்கள் கைக்கு வர நாளாகும். வராத காசை நீங்கள் எடுத்துக் கொடுக்க முடியாது. வியாபாரி பணம் கட்டாமல் மண்டிக்காரர் விழிப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 'பெண்டிங்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நிலைகள் ஒளிந்திருக்கின்றன. கடை இன்னும் பார்க்கவில்லை, கடை ஒத்துக்கொண்டது ஆனால் பணம் தரவில்லை, பணம் உங்களிடம் வந்துவிட்டது ஆனால் எங்களுக்கு வரவில்லை. இந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்டினால் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைத் திட்டுவது பாதியாகக் குறையும்.

குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவோம் என்று வேறு வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் ஆன்லைனில் வாங்குகிறவர்களில் பலர் தீபாவளிக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு தடவை வாங்குகிறவர்கள். அவர்களுடைய அறுபதும் நாற்பதும் அந்த அளவைத் தொடுவதற்குள் போன் மாறிவிடும், நம்பர் மாறிவிடும், செயலியே மறந்துவிடும். அப்படித் தங்கிப்போன காசு மொத்தம் எவ்வளவு, அது யார் கணக்கில் இருக்கிறது? இதற்கும் ஒரு வரி எழுதலாம்.

கூப்பன் தளங்களுக்கு வருகிறேன். உங்களிடம் எனக்கு இருக்கிற வருத்தம் இன்னும் பெரிது.

"கோடைப் பார்க்க இங்கே தொடவும்" என்று ஒரு பொத்தான். தொட்டால் கோடு தெரியும், கூடவே பின்னால் கடையின் பக்கம் தானாகத் திறந்துகொள்ளும். கோடை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் போட்டால் 'செல்லாது' என்று வரும். அடுத்த கோடு. அதுவும் செல்லாது. 'இன்று 340 பேர் பயன்படுத்தினார்கள்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 340 பேரும் முயற்சி செய்து தோற்றவர்களாகத்தான் இருக்க வேண்டும். சலித்துப்போய் முழு விலை கொடுத்து வாங்கிவிடுகிறோம். எங்களுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. ஆனால் அந்தப் பொத்தானைத் தொட்டபோதே உங்கள் குக்கி எங்கள் போனில் உட்கார்ந்துவிட்டது. முழு விலைக்கு வாங்கினாலும் அதற்குக் கமிஷன் உங்களுக்குப் போய்ச் சேரலாம். செல்லாத கோடைக் காட்டினாலும் சம்பளம் உண்டு என்றால், பழைய கோடுகளைத் துடைக்க உங்களுக்கு என்ன அவசரம்?

எங்கள் மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு விற்கவில்லை என்றால் கமிஷன் இல்லை. அழுகிய பெட்டிக்குக் கமிஷன் கேட்டால் செருப்பு பறக்கும்.

இதில் இன்னொருவரும் நஷ்டப்படுகிறார். தமிழில் யூடியூப் நடத்தும் பையன்கள் பலர் களை வெட்டும் இயந்திரத்தையும் சொட்டுநீர்க் குழாயையும் வாங்கிப் பிரித்துப் போட்டு, எது உழைக்கும், எது உழைக்காது என்று பாடுபட்டுச் சொல்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க் வைக்கிறார்கள், அந்தக் கமிஷன்தான் அவர்களுக்குக் கூலி. அதைப் பார்த்து முடிவெடுத்தவர் பணம் கட்டும் கடைசி நிமிடத்தில் கூப்பன் தேடி உங்கள் பக்கம் வருகிறார். கடைசியாக யார் லிங்க்கைத் தொட்டாரோ அவருக்கே கமிஷன் என்பது பெரும்பாலான கடைகளின் விதி. விளக்கினவன் வெறுங்கையோடு நிற்க, வாசலில் நின்றவர் கூலியை வாங்கிக்கொள்கிறார்.

இது என் கற்பனை இல்லை. ஹனி என்ற கூப்பன் நீட்சியை பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கி, 2020 தொடக்கத்தில் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிரவுசரில் போட்டு வைத்தால் பணம் கட்டும்போது தானே கூப்பன் தேடித்தரும் கருவி அது. 2024 டிசம்பரில் ஒரு யூடியூபர் அதைக் குறித்து நீண்ட வீடியோ வெளியிட்டார். கூப்பன் எதுவும் கிடைக்காதபோதுகூட, மற்றவர்களுடைய அடையாளத்தை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது என்பது குற்றச்சாட்டு. வீடியோ தயாரிப்பவர்கள் பலர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். கடைசி கிளிக்குக்குக் கமிஷன் என்பது தொழிலில் எல்லோரும் பின்பற்றும் முறைதான் என்று பேபால் தரப்பு சொன்னது. 2025 மார்ச்சில் கூகுள் தன் குரோம் நீட்சிகளுக்கான விதியைத் திருத்தியது: தள்ளுபடியோ கேஷ்பேக்கோ நன்கொடையோ, பயனருக்கு ஏதாவது பலன் கிடைக்காமல் கமிஷன் லிங்க்கை நுழைக்கக் கூடாது. பிரவுசர் நீட்சிக்கு இந்த விதி நியாயம் என்றால், கோடைக் காட்டும் பொத்தானுக்கும் அதே நியாயம்தானே? கோடு செல்லாவிட்டால் கமிஷன் வேண்டாம் என்று நீங்களே கடையிடம் சொல்லலாம். சொல்ல மாட்டீர்கள், தெரியும். சொன்னால் அந்தத் தளத்துக்கு எங்கள் தெருவில் நானே ஆள் சேர்த்து விடுகிறேன்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகள் வந்தன. விளம்பரத்தில் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறீர்களோ, அதே மொழியில்தான் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும், எழுத்தும் அதே வகையாக இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழ் வீடியோவில், தமிழ்ப் பாட்டுப் போட்டு, '10 சதவீதம் வரை கேஷ்பேக்' என்று சொல்லிவிட்டு, எந்தப் பொருளுக்கு 10, எதற்கு ஒன்று, எதற்கு ஒன்றுமே இல்லை என்பதை ஆங்கிலத்தில் எறும்பு சைஸில் எழுதுகிறீர்களே, அது எப்படிச் சரியாகும்? துணிமணிக்குக் கமிஷன் அதிகம், போனுக்கு மிகக் குறைவு என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. விளம்பரத்தில் என்னவோ போன் படம்தான் பெரிதாக இருக்கிறது.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவது அதில் முதலாவது. '10 நிமிடத்தில் முடியப்போகிறது' என்று ஓடும் கடிகாரம், பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி பத்திலிருந்து தொடங்குகிறது. அதை வடிவமைத்தவர் இந்தப் பட்டியலை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். படிக்கிற எங்கள் ஆட்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். தருமபுரியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 101 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி தருமபுரி போய் யார் வழக்கு நடத்துவார்? ஆளுக்கு நூறு ரூபாய் போனால் யாரும் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள். இந்தத் தைரியத்தில்தான் பல தொழில்கள் ஓடுகின்றன, உங்களுடையது மட்டும் இல்லை.

உங்கள் பெயரைச் சொல்லி நடக்கும் திருட்டு ஒன்றும் இருக்கிறது. 'உங்கள் கேஷ்பேக் 1,999 ரூபாய் தயார், பெற இங்கே தொடவும்' என்று மெசேஜ் வரும், தொட்டால் யுபிஐ பின் நம்பர் கேட்கும். நமக்குப் பணம் வர அந்தப் பின் நம்பரைப் போடவே வேண்டாம், போட்டால் நம் பணம்தான் போகும் என்பதை மண்டிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் செயலியின் முதல் பக்கத்தில், பண்டிகை விளம்பரம் போடும் இடத்தில், இந்த இரண்டு வரியைத் தமிழில் போட்டால் என் தொண்டை பிழைக்கும்.

பங்கைச் சொன்னால் போட்டியாளன் தெரிந்துகொள்வான், கடைகளோடு போட்ட ஒப்பந்தம் வெளியே வந்துவிடும் என்று பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். பிரிட்டனில் குயிட்கோ என்ற தளம் 2005ல் தொடங்கியபோது, வரும் கமிஷன் முழுவதையும் உறுப்பினருக்கே கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு 5 பவுண்டு மட்டும் எங்கள் கூலி என்று வெளிப்படையாகச் சொன்னது. பிறகு அந்தத் தொழில் பல மாதிரி மாறிவிட்டது, அது வேறு கதை. கூலி இவ்வளவு என்று சொல்லிவிட்டு இந்தத் தொழிலைத் தொடங்க முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன். எங்களுக்கு முழுக் கமிஷன் வேண்டாம். ஆள் வைத்திருக்கிறீர்கள், சர்வர் ஓடுகிறது, நீங்களும் சாப்பிட வேண்டும். பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாதியை எடுத்துக்கொண்டோம்' என்று எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைகளோடு உள்ள ஒப்பந்தம் நிஜமாகவே வாயைக் கட்டினால், ஆர்டர் வாரியாகச் சொல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகச் சொல்லலாம்: இவ்வளவு கமிஷன் வந்தது, இவ்வளவு பயனர்களுக்குப் போனது, இவ்வளவு நிராகரிக்கப்பட்டது, இவ்வளவு யாரும் எடுக்காமல் கிடக்கிறது. நாலே நாலு எண்கள். முதலீட்டாளர் கூட்டத்தில் இவற்றை நீங்கள் காட்டாமலா இருப்பீர்கள்?

ஸ்பிரேயர் பெரியவர் விஷயத்தில் நான் கேட்பது இன்னும் சின்னது. நிராகரித்தால், பட்டியலில் உள்ள காரணங்களில் எது என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கடையிடமிருந்து வந்த குறியீடு உங்கள் கணக்கில் இருக்கும், அதை மறைக்காமல் அப்படியே காட்டினால் போதும்.

பதில் எழுதுவதாக இருந்தால் தமிழில் எழுதுங்கள். காலை ஏலம் முடிந்து பில் போடும் நேரம் போக, பத்து மணிக்கு மேல் மண்டியில் கூட்டம் குறைந்திருக்கும். அப்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மண்டிக் கணக்கு எழுதும் ஒருத்தி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.